1806 வழியாக வரும் 27 இலக்கப் பகு எண்: கையால் உருவாக்கி, காரணி பிரித்து, பண்புகளைக் கணக்கிடும் முழுமையான வழிகாட்டி

வேலூர்ப் பக்கம் 1806 என்று சொன்னால் கோட்டையும், ஜூலை 10 விடியற்காலையில் வெடித்த சிப்பாய்ப் புரட்சியும்தான் நினைவுக்கு வரும். அந்த ஆண்டை வெறும் எண்ணாகப் பார்த்தாலும் அது சாதாரண எண் அல்ல. 2-இல் தொடங்கி, ஒவ்வொரு முறையும் எண்ணை அதற்கு அடுத்த எண்ணால் பெருக்கிக்கொண்டே போனால் 1806 வருகிறது. இன்னும் மூன்று படி ஏறினால் 27 இலக்கத்தில் ஒரு பகு எண் நிற்கிறது:

113423713055421844361000442

இந்த எண்ணின் பகாக் காரணிகள், வகுத்திகளின் எண்ணிக்கை, வகுத்திகளின் கூடுதல், மீதிகள் ஆகியவற்றைக் கண்டுபிடிக்கும் வழிதான் இங்கே. பத்தாம் வகுப்பு மட்டு எண்கணிதம் தெரிந்தால் போதும். கையில் தாள், பேனா, மளிகைக் கடையில் இருக்கும் 12 இலக்கக் கால்குலேட்டர். கணினி கடைசியில் சரிபார்க்க மட்டும்.

எண்ணை உருவாக்குதல்

2 × 3 = 6
6 × 7 = 42
42 × 43 = 1806
1806 × 1807 = 3263442
3263442 × 3263443 = 10650056950806
10650056950806 × 10650056950807 = நம் எண்

நான்காம் படி வரை கால்குலேட்டரே காட்டிவிடும். ஐந்தாவது 14 இலக்கம் என்பதால் 12 இலக்கக் கருவி பிழைக் குறி காட்டி நின்றுவிடும். அங்கிருந்து எண்ணை வலமிருந்து ஆறு ஆறு இலக்கமாக வெட்டிப் பெருக்க வேண்டும். ஆறு இலக்கத்தை ஆறு இலக்கத்தால் பெருக்கினால் 12 இலக்கத்தைத் தாண்டாது என்பதால்தான் ஆறு. எட்டெட்டாக வெட்டினால் மறுபடியும் அதே பிழைக் குறிதான்.

கடைசிப் படிக்கு 10650056950806-ஐ 10 | 650056 | 950806 என்று வெட்டுங்கள். முதலில் அதன் வர்க்கம்:

950806 × 950806 = 904032049636
650056 × 950806 = 618077145136, இதன் இரு மடங்கு 1236154290272
650056 × 650056 = 422572803136; இதோடு 2 × 10 × 950806 = 19016120 சேர்ந்தால் 422591819256
2 × 10 × 650056 = 13001120
10 × 10 = 100

இந்த ஐந்து வரிகளும் ஒன்றுக்கு ஒன்று ஆறு இடம் இடப்பக்கம் தள்ளி நிற்கின்றன. முதல் வரியில் கடைசி ஆறு இலக்கம் 049636-ஐ எழுதிவிட்டு 904032-ஐ அடுத்த வரிக்குக் கொண்டு போங்கள். இப்படியே ஏறினால் வர்க்கம் 113 423713 055411 194304 049636. இதோடு 10650056950806-ஐக் கூட்டினால் நம் எண். பெரும்பாலான தப்பு நடப்பது 049636 போன்ற இடத்தில்: முன்னால் இருக்கும் பூஜ்யத்தைக் கால்குலேட்டர் காட்டாது, நாமும் 49636 என்று ஐந்து இலக்கமாக எழுதிவிடுவோம். பிறகு எல்லாமே ஓர் இடம் நகர்ந்துவிடும். ஆறு கட்டம் போட்ட தாளில் எழுதினால் இந்தத் தொல்லை இல்லை.

சரிபார்ப்பு: 9 போதாது, 1001 வேண்டும்

இலக்கங்களைக் கூட்டினால் 78. 9-ஆல் வகுத்தால் மீதி 6. பெருக்கிய இரண்டு எண்களுக்கும் 9-ஆல் மீதி 6, 7; 6 × 7 = 42, அதன் மீதியும் 6. பொருந்துகிறது. ஆனால் பக்கத்துப் பக்கத்து இரண்டு இலக்கங்களை இடம் மாற்றி எழுதியிருந்தாலும் கூடுதல் அதே 78தான். 9 சோதனைக்கு அது தெரியாது.

1001 சோதனையில் அது மாட்டிக்கொள்ளும். எண்ணை மூன்று மூன்றாக வெட்டி, வலமிருந்து கூட்டல், கழித்தல் என்று மாற்றி மாற்றிப் போடுங்கள்:

442 − 0 + 361 − 844 + 421 − 55 + 713 − 423 + 113 = 728

10650056950806-க்கும் அதையே செய்தால் 806 − 950 + 56 − 650 + 10 = −728. அடுத்த எண்ணுக்கு −727. இரண்டையும் பெருக்கினால் 529256. 1001-ஆல் வகுக்க மீதி 728. பெருக்கல் சரி.

இந்த ஒரே கணக்கில் கூடுதல் லாபமும் உண்டு. 1001 = 7 × 11 × 13. 728 = 7 × 8 × 13 என்பதால் நம் எண் 7-ஆலும் 13-ஆலும் வகுபடும்; 728-ஐ 11-ஆல் வகுத்தால் மீதி 2, ஆகவே 11 காரணி இல்லை. இலக்கக் கூடுதல் 78 என்பதால் 3 உண்டு, 9 இல்லை. கடைசி இரண்டு இலக்கம் 42 என்பதால் 2 உண்டு, 4 இல்லை. 5-க்கு வாய்ப்பே இல்லை: இந்த வரிசையில் கடைசி இலக்கம் 2, 6, 2, 6 என்று மாறி மாறித்தான் வரும், எவ்வளவு தூரம் போனாலும்.

கருவிகள் எங்கே ஏமாற்றும்

எக்செல் 15 இலக்கம்தான் நினைவில் வைக்கும். நம் எண்ணைத் தட்டினால் பதினைந்துக்குப் பின் வரும் 12 இலக்கத்தையும் பூஜ்யமாக்கிவிடும். பூஜ்யத்தில் முடியும் அந்த எண்ணைப் பார்த்தால் 5-ஆல் வகுபடும் என்றுதான் தோன்றும். எக்செல் காட்டும் எண்ணை நம்பிக் காரணிப் பட்டியல் எழுதாதீர்கள்.

நம் எண் 2-இன் 86-ஆம் அடுக்குக்கும் 87-ஆம் அடுக்குக்கும் நடுவில் இருக்கிறது. அதாவது இரும முறையில் 87 இலக்கம். 64 பிட் முழு எண்ணில் அது அடங்காது, சி மொழி நிரல் சத்தமில்லாமல் தவறான விடை தரும். பைத்தானில் முழு எண்ணுக்கு இந்த எல்லை இல்லை. ஆனால் அங்கும் ஒரு பள்ளம்: ஒற்றைச் சாய்கோட்டால் வகுத்தால் விடை தசம எண்ணாக மாறி, 9007199254740992-க்கு மேல் கடைசி இலக்கங்கள் போய்விடும். எப்போதும் இரட்டைச் சாய்கோடு.

காரணி பிரித்தல்: முதலில் வர்க்கமூலம்

ஒருவர் இந்த 27 இலக்கத்தை மட்டும் கொடுத்து, எப்படி வந்தது என்று சொல்லவில்லை என்று வையுங்கள். 2, 3, 5 என்று வகுக்கத் தொடங்கும் முன் வர்க்கமூலத்தின் முழுப் பகுதியைக் கண்டுபிடியுங்கள். அது 10650056950806. அதன் வர்க்கத்தைக் கழித்தால் மிஞ்சுவதும் சரியாக 10650056950806. மூலமே மிஞ்சினால் எண் இரண்டு அடுத்தடுத்த எண்களின் பெருக்கல் என்று பொருள். வேறு விதமாகவும் பார்க்கலாம்: எண்ணை நான்கால் பெருக்கி 1 கூட்டினால் 21300113901613-இன் முழு வர்க்கம் கிடைக்கும். எல்லாப் பெரிய எண்ணும் இப்படிச் சுலபமாக உடையாது; ஆனாலும் ஐந்து நிமிட வேலைதான், செய்து பார்ப்பதில் நஷ்டம் இல்லை.

10650056950806-க்கும் இதையே செய்தால் 3263442 × 3263443. அப்படியே இறங்கினால், நம் எண் என்பது 2, 3, 7, 43, 1807, 3263443, 10650056950807 என்ற ஏழு எண்களின் பெருக்கல். ஆங்கிலேயக் கணிதவியலாளர் சில்வெஸ்டர் 1880-ல் ஆராய்ந்த வரிசை இது. ஓர் உறுப்பை வர்க்கமாக்கி, அதே உறுப்பைக் கழித்து, 1 கூட்டினால் அடுத்த உறுப்பு: 7² − 7 + 1 = 43.

இந்த இடத்தில் நிறுத்தி, ஏழும் பகா எண் என்று எடுத்துக்கொள்பவர்கள் நிறைய. 2, 3, 7, 43 வரை சரியாக இருப்பதால் வரும் மயக்கம் அது. 1807 = 13 × 139.

எந்தப் பகா எண்களைச் சோதிக்க வேண்டும்

10650056950807-ஐ எல்லாப் பகா எண்ணாலும் வகுக்க வேண்டியதில்லை. ஒரு பகா எண் ஓர் உறுப்பை வகுத்தால், முந்தைய உறுப்பை ‘அ’ என்று வைத்தால், அ² − அ + 1-இன் மீதி 0. இரு பக்கமும் (அ + 1)-ஆல் பெருக்கினால் அ³ + 1-இன் மீதியும் 0. அப்படியென்றால் அ³-இன் மீதி −1, அ⁶-இன் மீதி 1. 2, 3 தவிர்த்த பகா எண்களில் இது நடக்க வேண்டுமென்றால், பெர்மாவின் சிறிய தேற்றப்படி (பகா எண்ணால் வகுபடாத எண்ணை, அந்தப் பகா எண்ணைவிட ஒன்று குறைந்த அடுக்குக்கு உயர்த்தினால் மீதி 1), பகா எண்ணிலிருந்து 1 கழித்தது 6-ஆல் வகுபட வேண்டும். ஆக 7, 13, 19, 31, 37, 43 போன்றவை மட்டும் போதும். 5, 11, 17, 23, 29 எல்லாம் வெளியே. வேலை பாதியாகிவிட்டது.

அடுத்து, 14 இலக்க எண்ணை வகுக்கவே வேண்டாம். ஒரு பகா எண்ணை எடுத்து, 2-இல் தொடங்கி, ஒவ்வொரு படியிலும் வர்க்கமாக்கி, தன்னையே கழித்து, 1 கூட்டி, மீதியை மட்டும் வைத்துக்கொண்டு நடங்கள். ஏழாவது படியில் 0 வந்தால் அது 10650056950807-இன் காரணி.

19-உடன் நடந்தால்: 2, 3, 7, 5, 2. மறுபடி 2 வந்துவிட்டது, இனி சுற்றிக்கொண்டே இருக்கும், 0 வரவே வராது. 19 இந்த வரிசையில் எந்த உறுப்பையும் எக்காலத்திலும் வகுக்காது. 37: 2, 3, 7, 6, 31, 6. இதுவும் சுற்று. 13: 2, 3, 7, 4, 0. ஐந்தாவதில் 0, அதாவது 1807.

0 வந்த பிறகு என்ன ஆகும்? 0² − 0 + 1 = 1. பிறகு 1² − 1 + 1 = 1. அப்படியே 1 நிலைத்துவிடும். ஒரு பகா எண் வரிசையில் ஒரே ஓர் உறுப்பைத்தான் வகுக்க முடியும் என்பதற்கு இதுவே நிரூபணம். ஆகவே ஏழு உறுப்புகளில் எந்த இரண்டுக்கும் பொதுக் காரணி இல்லை. 7, 13, 43, 139 ஏற்கெனவே வந்துவிட்டதால் அவற்றையும் விட்டுவிடலாம்.

547 வரை இப்படி 44 பகா எண்கள். 44-ஆவதாகிய 547-இல்தான் முதல் வெற்றி:

547: 2, 3, 7, 43, 166, 41, 0
607: 2, 3, 7, 43, 593, 211, 0
1033: 2, 3, 7, 43, 774, 196, 0

ஒரு கைவழக்கம்: மீதி பெரிதாக இருந்தால் எதிர்ம மீதியாக மாற்றிக்கொள்ளுங்கள். 607-இல் 593-ஐ வர்க்கமாக்குவதற்குப் பதில் −14 என்று எடுத்தால் 196 + 14 + 1 = 211, மனக்கணக்கு. ஆனால் எதிர்ம எண்ணில் ‘தன்னைக் கழிப்பது’ கூட்டலாக மாறும். 196 − 14 + 1 என்று எழுதி 183 எடுத்தால் 607 கைவிட்டுப் போய்விடும்.

இப்போது வகுத்தல். 10650056950807-ஐ 547-ஆல் வகுத்தால் 19469939581. அதை 607-ஆல் வகுத்தால் 32075683. அதை 1033-ஆல் வகுத்தால் 31051. இது பகா எண்ணா? இதன் வர்க்கமூலம் 176 சொச்சம். 176 வரையுள்ள பகா எண்கள் எதுவும் ஏழாவது படியில் 0 தரவில்லை என்று முன்பே பார்த்தாயிற்று. ஆகவே 31051 பகா எண்தான், தனியாகச் சோதிக்க வேண்டியதில்லை.

3263443-க்கு வர்க்கமூலம் சுமார் 1806.5. மறுபடி 1806! அதுவரையுள்ள, 6-ஆல் வகுக்க மீதி 1 தரும் பகா எண்களுடன் ஆறாவது படி வரை நடந்தால் எதிலும் அந்தப் படியில் 0 வராது. இது பகா எண். சயின்டிஃபிக் கால்குலேட்டரில் காரணி பிரிக்கும் பொத்தான் இருந்தாலும், பல மாடல்கள் மூன்று இலக்கப் பகா எண்களுக்கு மேல் தேடுவதில்லை. அது பிரிக்காமல் விட்டது என்பதால் மட்டும் பகா எண் என்று முடிவு கட்டாதீர்கள்.

முழுப் பட்டியல்: 2, 3, 7, 13, 43, 139, 547, 607, 1033, 31051, 3263443. பதினொன்று, ஒவ்வொன்றும் ஒரே முறை.

பட்டியலிலிருந்து கிடைப்பவை

வகுத்திகள்: ஒவ்வொரு காரணியையும் எடுக்கலாம், விடலாம், 2-இன் 11-ஆம் அடுக்கு, 2048. அதில் பாதி ஒற்றை, பாதி இரட்டை. ஏழு உறுப்பையும் பகா என்று எண்ணியவர்களுக்கு 128 வரும், அங்கேயே தப்பு தெரிந்துவிடும். 27 இலக்கத்துக்கு 2048 குறைவுதான். ராமானுஜன் 1915-ல் வெளியிட்ட மிகு பகு எண் (தன்னைவிடச் சிறிய எந்த எண்ணையும்விட அதிக வகுத்திகள் உள்ள எண்) அட்டவணையின் கடைசி எண் 6746328388800; 13 இலக்கம்தான், ஆனால் 10080 வகுத்திகள். சிறிய பகா எண்கள் பல முறை அடுக்கி வந்தால் வகுத்தி பெருகும். நம் எண்ணில் எதுவும் திரும்ப வருவதில்லை.

வகுத்திகளின் கூடுதல்: ஒவ்வொரு காரணியோடும் 1 கூட்டிப் பெருக்க வேண்டும்: 3 × 4 × 8 × 14 × 44 × 140 × 548 × 608 × 1034 × 31052 × 3263444. 1807-ஐப் பிரிக்காமல் 1808 என்று போடுபவர்கள் உண்டு; சரியானது 14 × 140 = 1960. எண்ணோடு ஒப்பிட்டால் இந்தக் கூடுதல் சுமார் 2.548 மடங்கு. 2 மடங்கைத் தாண்டுவதால் இது மிகை எண்.

சார்பகா எண்கள்: 1 முதல் நம் எண் வரை, இதனோடு பொதுக் காரணி இல்லாதவை எத்தனை? ஒவ்வொரு காரணியிலும் 1 கழித்துப் பெருக்குங்கள். விகிதமாகச் சொன்னால் சுமார் 0.2546, கால்வாசிக்குக் கொஞ்சம் மேல்.

வர்க்கங்கள்: 4-ஆல் வகுக்க மீதி 2 என்பதால் இரண்டு வர்க்கங்களின் வித்தியாசமாக எழுத முடியாது. 4-ஆல் வகுக்க மீதி 3 தரும் பகா எண் 3 ஒற்றை முறை வருவதால் இரண்டு வர்க்கங்களின் கூடுதலாகவும் எழுத முடியாது.

1806-க்கு மட்டும் உள்ள தனித்தன்மை

இலவம்பாடி முள் கத்திரிக்காய் 1806 இருக்கிறது என்று வையுங்கள். பாதி வேலூர் மார்க்கெட்டுக்கு: 903. மூன்றில் ஒன்று காட்பாடிக்கு: 602. ஏழில் ஒன்று குடியாத்தத்துக்கு: 258. 43-இல் ஒன்று ஆம்பூருக்கு: 42 (பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ள அது பத்தாது, இருக்கட்டும்). மொத்தம் 1805, ஒன்று மிச்சம். அதாவது 1/2 + 1/3 + 1/7 + 1/43 + 1/1806 = 1. நம் பெரிய எண்ணுக்கும் இது நடக்கும்: ஏழு உறுப்புகளின் தலைகீழிகளோடு 1/113423713055421844361000442 சேர்த்தால் சரியாக 1. ஒரு வித்தியாசம் கவனியுங்கள். 1806-இல் பிரிக்கும் எண்கள் எல்லாம் பகா எண்கள். பெரிய எண்ணில் 1807-உம் 10650056950807-உம் பகு எண்கள்.

அந்த வித்தியாசம் சிறியதல்ல. எந்த முழு எண்ணை எடுத்து 1807-ஆம் அடுக்குக்கு உயர்த்தினாலும், 1806-ஆல் வகுக்க, அந்த எண்ணின் மீதியே திரும்ப வரும். ஓர் எண்ணைவிட ஒன்று கூடிய அடுக்குக்கு உயர்த்தி இப்படி நடக்கும் எண்கள் 1, 2, 6, 42, 1806 ஆகிய ஐந்து மட்டும். ஏன் என்பதை ஒரு தாளில் பார்த்துவிடலாம். இந்தப் பண்பு இருக்க, எண்ணில் எந்தப் பகாக் காரணியும் இரண்டு முறை வரக்கூடாது. ஒவ்வொரு பகாக் காரணியிலும் 1 கழித்தது எண்ணை வகுக்க வேண்டும். 1 கழித்ததன் காரணிகள் அந்தப் பகா எண்ணைவிடச் சிறியவை. ஆகவே சிறியதிலிருந்து ஏறினால், முதல் காரணி 2 தவிர வேறு இருக்க முடியாது. அடுத்தது, 1 கழித்தால் 2-ஐ வகுக்க வேண்டும்: 3. அடுத்தது 6-ஐ வகுக்க வேண்டும்: 7. அடுத்தது 42-ஐ: 43. ஐந்தாவதாக ஒன்று வேண்டுமென்றால் 1806-இன் வகுத்தியோடு 1 கூட்டிப் புதிய பகா எண் வர வேண்டும். 43 சேர்ந்த இரட்டை வகுத்திகள் 86, 258, 602, 1806. ஒன்று கூட்டினால் 87 = 3 × 29, 259 = 7 × 37, 603 = 9 × 67, 1807 = 13 × 139. நான்கும் பகு எண். கதவு அங்கே மூடிவிட்டது.

27 இலக்க எண்ணில் இது தோற்பதை நேராகவே பார்க்கலாம். அதை 12-ஆல் வகுத்தால் மீதி 6. ஆகவே 2-ஐ அந்த எண்ணுக்கு ஒன்று கூடிய அடுக்குக்கு உயர்த்தி 13-ஆல் வகுத்தால், 2⁷-ஐ வகுத்ததற்குச் சமம்: 128, மீதி 11. வர வேண்டியது 2.

அடுத்த படிக்குப் போக நினைப்பவர்களுக்கு

நம் எண்ணோடு 1 கூட்டினால் வரிசையின் எட்டாவது உறுப்பு, 113423713055421844361000443. அதற்கும் அதே நடைதான். 29881-உடன் நடந்து பாருங்கள்: 2, 3, 7, 43, 1807, 6414, 16727, 0. இதில் எந்தப் படியும் கடைக் கால்குலேட்டரைத் தாண்டாது. 16727-இன் வர்க்கமே 279792529தான். ஆனால் 29881 வரை வர ஆயிரத்துக்கும் மேற்பட்ட பகா எண்களைச் சோதிக்க வேண்டும் என்பதால் இங்கே பைத்தானிடம் கொடுத்துவிடுவதே நல்லது. மீதிக் காரணிகள் 67003, 9119521, 6212157481. கடைசி எண்ணைப் பகா என்று வகுத்துக் காட்ட 78817 வரை போக வேண்டும்.

எட்டாவதிலும் எந்தக் காரணியும் இரண்டு முறை வரவில்லை. ஒரு பகா எண்ணின் வர்க்கம் ஓர் உறுப்பை வகுக்கிறதா என்று பார்க்க, அந்தப் பகா எண்ணுக்குப் பதில் அதன் வர்க்கத்தால் மீதி எடுத்து நடந்தால் போதும். இதுவரை அப்படி 0 தந்த பகா எண் ஒன்றும் கிடைத்ததில்லை; எந்த உறுப்பிலும் கிடைக்காது என்று நிறுவப்படவும் இல்லை.